மேஜர் பெயர் ஒட்டிய குப்பி

என் மாமியாரைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் மேஜர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அக்கா. அவர் முதுகைத் திருப்பியதும் மேஜர். அவருக்கும் அது தெரியும். "கர்னல்னு வச்சிருந்தா இன்னும் நாலு பேரு ஒழுங்கா வேலை பாத்திருப்பாளுங்க," என்று ஒருநாள் வீட்டில் சொன்னார்.

ஹோட்டல்களிலிருந்து மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம் அது. இஸ்திரி மேசைகளுக்கு அத்தைதான் பொறுப்பு. மடித்த விரிப்பில் ஓரத்தோடு ஓரம் சேரவில்லை என்றால் உதறிப் போட்டுவிடுவார். மறுபடி மடிக்க வேண்டும். யார் அழுதாலும் மடிக்க வேண்டும்.

எனக்குக் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்குப் போகும் வழியில் சலவைக்கூடம். மாலையில் அதன் வாசலில் நின்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போவேன். உள்ளே போகமாட்டேன். உள்ளே போனால் பேச வேண்டியிருக்கும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் வந்த அன்றும் வாசலில்தான் நின்றிருந்தேன். நர்ஸ் ஒரு அட்டைப்பெட்டியை இஸ்திரி மேசையில் வைத்து, அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். நுனியில் சின்ன பிரஷ் இருந்தது.

"இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம தடுக்கறதுக்கான பரிசோதனை. அந்த நோயைக் கொண்டு வர்ற கிருமி இருக்கான்னு பாப்போம். உடலுறவுல ஒட்டிக்கிற கிருமி அது. முப்பது வயசு தாண்டின எல்லாரும் பண்ணிக்கணும். யாரும் உங்களைத் தொட மாட்டாங்க. வீட்டுல நீங்களே எடுத்து, இந்தக் குப்பியில போட்டு, நாளைக்குக் கொண்டு வாங்க."

எப்படி எடுப்பது என்று காட்ட அவர் ஒரு தலையணை உறையை வாங்கி, அதன் வாயை இடது கையால் குவித்துப் பிடித்து, பிரஷை உள்ளே விட்டுச் சுற்றினார். அந்தச் சொற்களையெல்லாம் அவ்வளவு உரக்க யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்குமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"வலிக்காது," என்றார் நர்ஸ்.

"தலகாணி உறை வாயைத் திறந்து சொல்லிச்சா சிஸ்டர்?" என்றாள் ரேடியோ. மடிக்கும் மேசைக்காரி. காலையில் ஆரம்பித்தால் மாலை வரை பேச்சு நிற்காது என்பதால் அந்தப் பெயர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிச்சது போதும்," என்றார் அத்தை. "புள்ள பெத்துக்க வெட்கப்படல, குச்சிக்கு வெட்கமா?"

துவைக்க வரும் ஹோட்டல் ஊழியர்களின் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிற பெண், அவளைப் பட்டன் என்பார்கள், தயங்கித் தயங்கி, "அக்கா, எங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றாள்.

"எதுக்குக் கேக்கணும்? நீ சோறு சாப்பிடறதுக்கும் கேட்டுட்டுத்தான் சாப்பிடறியா? நாளைக்குக் குப்பி வரல, நீயும் வராத."

முதல் குப்பியை அத்தைதான் வாங்கினார். நர்ஸ் அவர் பெயரையும் வயதையும் ஒரு சீட்டில் எழுதி, குப்பியில் சுற்றி ஒட்டினார். "தலைவர்னா இப்படி இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தை கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. படுக்கையறை எனக்கும் என் கணவருக்கும். அத்தை கூடத்தில் படுப்பார். குளியலறைக்குள் போனால் அவர் வெளியே வர வெகுநேரம் ஆகும். "உங்கம்மா உள்ள பரேடு எடுக்கறாங்க," என்று நான் என் கணவரிடம் கிசுகிசுப்பேன். அவர் சிரிப்பார். நான் சொல்லி ஒருவர் சிரித்த நகைச்சுவை அது ஒன்றுதான். அதனால் அடிக்கடி சொல்வேன்.

மறுநாள் காலை, என் கணவர் யாருடைய ஃப்ரிட்ஜையோ பழுது பார்க்கக் கிளம்பிப் போன பிறகு, அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் குப்பியும் பிரிக்காத குச்சியும் இருந்தன.

"ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்க அத்தை."

"இதை நீ எடுத்துக் குடு."

"எனக்கு... உங்களுக்கு எப்படி எடுக்கணும்னு..."

"எனக்கு இல்ல. உன்னோடத எடுத்து இதுல போட்டுக் குடு."

நான் அடுப்பைக் குறைத்தேன். "இதுல உங்க பேரு ஒட்டியிருக்கே அத்தை."

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"பேரு ஒருத்தரோடது, சாம்பிள் இன்னொருத்தரோடதுன்னா அது பரிசோதனையே இல்ல. எனக்கு முப்பது வயசும் ஆகல."

"உன் லேப்புல பேசற மாதிரி என்கிட்டப் பேசாத."

"வலிக்காதுன்னு சொன்னாங்களே அத்தை..."

"வலிக்கு நான் என்னைக்குப் பயந்தேன்?" குரல் மேஜர் குரல்தான். ஆனால் பார்வை தரையில் இருந்தது. "ஊரையே விரட்டிட்டு நான் வெறுங்கையோட போய் நிக்க முடியாது. அந்த ரேடியோ ஒரு மாசத்துக்கு அதையே ஒலிபரப்புவா. ஏன்னு மட்டும் கேக்காத. கேக்காம செய்."

இந்த வீட்டுக்கு நான் வந்து இரண்டு வருடமாகிறது. அதுவரை ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவர் என்னிடம் கேட்டதில்லை. தானே எழுந்து எடுத்துக்கொள்வார். முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் அப்படிச் சொல்லத் தெரிவதில்லை. எனக்கு ஒன்றும் இருக்காது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன்.

வெளியே வந்து குப்பியைக் கொடுத்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார்.

சில வாரங்கள் கழித்து முடிவுகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தவர்களுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பட்டன் தன் செய்தியை எல்லோரிடமும் காட்டினாளாம். "மேஜர் சொல்லலன்னா நான் பண்ணியிருக்கவே மாட்டேன்," என்று என்னிடமும் சொன்னாள். அத்தைக்குச் செய்தி வரவில்லை.

போன்தான் வந்தது. இஸ்திரி போடுகிறவருக்கு இரண்டு கையும் வேலை என்பதால், அத்தையின் போன் எப்போதும் ஸ்பீக்கரில் மேசைமேல் கிடக்கும். அவருடைய அக்காவின் மூட்டுவலி, கீழ்வீட்டுக்காரரின் தண்ணீர்ச் சண்டை எல்லாம் சலவைக்கூடத்துக்கே தெரியும். அன்று நான் வாசலில் செருப்போடு நின்றிருந்தேன். விரிப்பின் பாதியில் போன் அடித்தது. அத்தை முழங்கையால் அழுத்தினார்.

"அக்கா, நான் ஹெல்த் சென்டர் நர்ஸ். தனியா இருக்கீங்களா?"

"சொல்லுங்க சிஸ்டர்," என்றார் அத்தை, பழக்கத்தில்.

"ஒருதடவை நேர்ல வந்துட்டுப் போங்க. கொஞ்சம் பேசணும். பயப்பட ஒண்ணுமில்ல."

போன் நின்றது.

"பயப்பட ஒண்ணுமில்லன்னா, பயப்படணும்னு அர்த்தம்," என்றாள் யாரோ ஒருத்தி.

ரேடியோ குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் வாசல் வரைக்கும் கேட்கும். "அது படுக்கையில ஒட்டிக்கிற கிருமின்னு சிஸ்டர் அன்னைக்கே சொன்னாங்கல்ல? மேஜர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சு?"

"மேஜருக்கு எங்க இருக்காரோ கேப்டன்!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தைக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவர் கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தார். ஓரத்தோடு ஓரம் சரியாகச் சேர்ந்திருந்தது.

எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அது உன்னோடதுதானே?"

"ஆமா அத்தை."

"என் பேர்லயே இருக்கட்டும்." கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றார். "நாலு பேரு நாலு விதமாப் பேசுவாளுங்க. வாய் வலிச்சா நிறுத்திடுவாளுங்க. எனக்கு இனிமே என்ன? நீ வாழ வேண்டியவ. தெரிஞ்சா உன்னைச் சொல்வாங்க, இல்லன்னா என் புள்ளயைச் சொல்வாங்க. நான் போய் மருந்தை வாங்கிட்டு வந்துடறேன். நீ சத்தமில்லாம சாப்பிட்டுடு."

"இதுக்கு மாத்திரை கிடையாது அத்தை. படுக்க வச்சுப் பாப்பாங்க."

"யாரை?"

"உங்களை."

அத்தை மேலே ஏறாமல் அந்தப் படியிலேயே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பயம் எனக்காக என்று நினைத்தேன்.

அந்த வாரம் நான் இருந்த நிலையைச் சொல்லத் தெரியவில்லை. கிருமி இருக்கிறது என்பதும் நோய் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். ஆனாலும் தலைவாரும்போது, பல் தேய்க்கும்போது, உள்ளே ஏதோ வளர்வது போலவே இருந்தது. என் கணவர் குளிக்கப் போனபோது அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். கம்ப்ரசர் விலை கேட்டு ஒருவர், வேலை முடியவில்லை என்று திட்டி ஒருவர், வெங்காயம் வாங்கி வரச் சொல்லி நான். அவ்வளவுதான். திருப்பி அதே இடத்தில் வைத்தேன். அவர் ஈரத்தலையோடு வந்து, "துண்டு எங்க?" என்றார். கழுத்திலேயே கிடந்தது. சிரித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலையிடத்தில் ஒரு விடுதி மேலாளர் இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டு வந்தார். மேல்தொட்டித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும். வாங்கிப் பதிந்து வைத்த பிறகு போன் செய்தார். சீட்டு மாறிப்போனது போல இருக்கிறது, நீங்களே மாற்றி ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

"அப்படிப் பண்ண முடியாது சார். ரெண்டையும் கொட்டிடுவோம். புதுசா கொண்டு வாங்க."

"ரெண்டும் எங்க தண்ணிதானே மேடம்? ஒரே வீட்டுத் தண்ணிக்கு இவ்வளவு கெடுபிடியா?"

"எது கெட்டதுன்னு தெரியாம எதை சார் சுத்தம் பண்ணுவீங்க?" என்றேன்.

சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர், "இன்னைக்கு உங்க குரலே வேற மாதிரி இருக்கே," என்றார். நான் எழுந்து போய் இரண்டு பாட்டில்களையும் கொட்டிவிட்டு, தேவையில்லாமல் நெடுநேரம் கைகழுவினேன்.

சுகாதார நிலையத்துக்கு அத்தையோடு நானும் போனேன். "நீ எதுக்கு?" என்றார். "துணைக்கு," என்றேன். காத்திருக்கும் இடத்தில் இருக்கைகள் எல்லாம் காலியாக இருந்தும் அத்தை உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து, ஒரு காலை இன்னொரு காலின் குறுக்கே வைத்து நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். கம்பீரம் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே ஒரு மேசை, எடை பார்க்கும் கருவி, காகிதம் விரித்த உயரமான படுக்கை, நாலைந்து கொக்கி கழன்று தொங்கும் பச்சைத் திரை. மேசையில் ரோஜா நிற பிளாஸ்டிக்கில் ஒரு கர்ப்பப்பை மாதிரி. யாரோ அதன்மேல் பேனாவைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நர்ஸ் அத்தையை உட்கார வைத்துச் சொன்னார். கிருமி இருக்கிறது. அதற்காகப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. அந்த இடத்தில் மாற்றம் ஏதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நோயாக மாறுவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

"இன்னைக்கு நான் ஒருதடவை பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன். வாங்க, படுங்க அக்கா. கொஞ்ச நேரம்தான்."

"வேணாம்," என்றார் அத்தை.

"நீங்களா வேணாங்கறது? அத்தனை பேரையும் விரட்டினது நீங்கதானே?"

"மருந்து இருந்தா குடுங்க. இல்லன்னா போறேன்."

"மருந்து இல்லக்கா. பாத்தாத்தான் தெரியும். இதை விட்டுட்டா பின்னாடி கஷ்டம். உங்க மருமகதானே இது? நீயாவது சொல்லும்மா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று.

நான் வாயைத் திறந்தேன்.

"அது என்னோடது சிஸ்டர்."

"எது?"

"அந்தக் குப்பியில இருந்தது. அத்தை பேரு. சாம்பிள் என்னோடது."

நர்ஸ் போட்டிருந்த கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார்.

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

சொன்னேன். சொல்லும்போது கழுத்துவரை சுட்டது.

"எங்க வேலை பாக்கற?"

அதையும் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார். "கிருமி இருக்குன்னு வந்துச்சு, அதனால இன்னைக்கு இவங்க என் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. ஒண்ணும் இல்லன்னு வந்திருந்தா? இவங்களுக்கு நல்லா இருக்குன்னு மெசேஜ் அனுப்பியிருப்பேன். அஞ்சு வருஷம் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். அந்த அஞ்சு வருஷத்துல இவங்களுக்கு என்ன வேணா ஆகியிருக்கலாம்."

அதை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. என் கிருமி, என் கணவர், என் மானம், இவற்றையே ஒரு வாரமாகச் சுற்றி வந்தேன். என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு பாட்டிலைக்கூடத் திறக்காதவள் நான். அத்தையின் பெயர் ஒட்டிய குப்பியில் அத்தை இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"அவளைச் சொல்லாதீங்க," என்றார் அத்தை. "நான்தான் செய்யச் சொன்னேன்."

"உன் வயசு என்னம்மா?"

"இருபத்தாறு."

"உன் வயசுல இந்தப் பரிசோதனையே நாங்க பண்றதில்ல. ஏன்னு தெரியுமா? பண்ணினா நிறையப் பேருக்கு இருக்குன்னுதான் வரும். கல்யாணம் ஆனவங்கள்ல பாதிப்பேருக்கு மேல எப்பவாவது வந்துட்டுப் போற கிருமி இது. பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால வீட்டுக்குப் போய்க் கோர்ட்டு வைக்காத."

நான் குனிந்துகொண்டேன். போனை எடுத்துப் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"உன்னையும் இன்னைக்குப் பாத்துடறேன். உன் பேர்ல பதிஞ்சு வச்சுக்கறேன். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வரணும். போகாம தங்குச்சுன்னாதான் கவனிக்கணும். புரியுதா?" பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "இப்ப எனக்குக் கவலை நீங்கதான். உங்களோடது எங்க?"

அத்தை எழுந்துவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல. வா, போலாம்."

"அக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"வேணாம்னா விடுங்களேன்."

"காரணமாவது சொல்லுங்க. பயமா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அத்தை வாசலை நோக்கித் திரும்பினார். போகவில்லை. எடை பார்க்கும் கருவியின் முள்ளைப் பார்த்தபடி நின்றார். யாரும் ஏறாத கருவியில் முள் பூஜ்யத்தில் இருந்தது.

"அங்க இடமில்ல," என்றார்.

எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

"குச்சி விடறதுக்கு இடமில்ல. எல்லாம் கீழ இறங்கி வெளிய வந்து கிடக்கு. இவ புருஷன் பொறந்ததுலேர்ந்து."

திரைக்கு அப்பால் யாரோ தடுப்பூசிக்கு வந்தவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அத்தை முதுகைக் காட்டியபடியே பேசினார். "காலையில உள்ள தள்ளி, துணி வச்சுக் கட்டிக்கிட்டா சாயங்காலம் வரைக்கும் ஓட்டிடலாம். சேர்ந்தாப்ல கொஞ்ச நேரம் உட்காரத்தான் முடியாது. என் வீட்டுக்காரரு ஒருநாள் பாத்துட்டாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அதோட சரி, சாகிற வரைக்கும் கூடத்துலதான் படுத்தாரு. அதுக்கப்புறம் அதை ஒருத்தருக்கும் காட்டக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

குளியலறைக் கதவு எனக்கு நினைவு வந்தது. அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் சிரித்தது நினைவு வந்தது. கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயவைத்திருந்த தடித்த பழந்துணிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுப்புத் துணி என்று நினைத்து ஒருமுறை எண்ணெய் துடைத்தும் இருக்கிறேன். அத்தை அப்போது ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டு போனார். குப்பியை என்னிடம் நீட்டிய காலையில், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதே என்றதும் கேட்காமல் இருந்துவிட்டேன். எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது.

நர்ஸ் வியக்கவில்லை. "கர்ப்பப்பை இறங்கியிருக்கு, அவ்வளவுதான்," என்றார், மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியபடி. "இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆள். நாலு பேரும், உலகத்துலயே தனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. உள்ள தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் இருக்கு. அளவு பாத்துப் போட்டுவிடுவாங்க. அது ஒத்துவரலன்னா ஆபரேஷன் இருக்கு. உங்களுக்கு சாம்பிள் எடுக்கறதும் சுலபம்தான்க்கா. கர்ப்பப்பை வாய் கண்ணுக்கே தெரியும், குச்சியால தொட்டு எடுத்துடுவேன்."

அத்தை திரும்பினார். "வளையமா?"

"ஆமா. ரப்பர் மாதிரி இருக்கும்."

"போட்டா உட்காரலாமா?"

"உட்காரலாம், நடக்கலாம், பஸ் பிடிக்க ஓடலாம்."

அத்தை என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. யாரோ சின்னப்பெண் போல இருந்தார். நான் வெளியே போகவா என்று கேட்டேன். "போ," என்றார். நான் திரையைத் தாண்டியதும், "வாசல்லயே நில்லு. தூரமாப் போயிடாத," என்றார்.

அவருக்குப் பிறகு நான் படுத்தேன். நர்ஸ் வினிகரில் நனைத்த பஞ்சால் தொட்டுப் பார்த்தார். இப்போதைக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றார். விட்டத்தில் ஒரு பல்லி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது நர்ஸ், அத்தையின் சாம்பிள் போட்ட புதுக் குப்பியையும் ஒரு சீட்டையும் என்னிடம் நீட்டினார். "நீயே எழுது," என்றார். அத்தையின் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டினேன். ஒட்டிய பிறகு வாசித்தேன். இன்னொரு முறை வாசித்தேன்.

தெருவில் அத்தை சொன்னார். "சலவைக்கூடத்துல ஒண்ணும் சொல்ல வேணாம். ஆஸ்பத்திரியில பாத்தாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கறேன். கேப்டன் கதை தானா அடங்கிடும்."

அது அடங்கவில்லை. மறுநாள் மாலை நான் வாசலில் நின்றபோது, அத்தை கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். ரேடியோ மடிக்கும் மேசையில் இருந்தாள்.

"நேத்து லீவு போட்டுட்டுப் போனாங்கல்ல? கேப்டனைப் பாக்கத்தான் இருக்கும்."

"சும்மா இருடி, மருமக நிக்குது."

"நிக்கட்டுமே. அதுக்கு வாயா இருக்கு?"

அத்தை கிடங்கு வாசலில் வந்து நின்றதை அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மேஜரின் முகம் அது இல்லை. எடைக் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம்.

நான் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனேன். செருப்பைக் கழற்றவில்லை என்பது பாதியில்தான் தெரிந்தது.

"அது அத்தையோடது இல்ல," என்றேன்.

ஒரு இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று நீராவி விட்டது. யாருக்கும் கேட்கவில்லை. பட்டன் மட்டும் தலையைத் தூக்கினாள். "என்னம்மா? ஏதோ சொன்னியே?"

ஒருமுறை சொல்லவே இரண்டு வருடப் பேச்சு செலவாகியிருந்தது. இப்போது மறுபடியும் சொல்ல வேண்டும். ரேடியோவின் கணவரும் என் கணவரும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அவருக்குச் செய்தி போய்விடலாம். அதற்கு முன்னால் நானே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு மூச்சில் ஓடியது.

"அந்தக் கிருமி எங்க அத்தைக்கு இல்ல," என்றேன், என் காதுக்கே பெரிதாகக் கேட்கும் குரலில். "எனக்குத்தான். அவங்க பேர்ல நான்தான் சாம்பிள் குடுத்தேன். இனிமே சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க."

எல்லோரும் கையில் இருந்ததோடு நின்றுவிட்டார்கள். என் முகம் தீப்பிடித்தது போல எரிந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரேடியோ வாயைத் திறந்தாள்.

"என்ன?" என்றார் அத்தை, பின்னாலிருந்து.

ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். அத்தை மெல்ல நடந்து வந்தார். மேசையில் பாதி மடித்துக் கிடந்த விரிப்பை எடுத்து உதறினார். அதன் இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டை என் பக்கம் தள்ளினார்.

"கேட்டுடுச்சு. பிடி."

பிடித்தேன். இருவரும் நெருங்கி வந்தோம். முனைகளைச் சேர்த்தபோது ஓரங்கள் ஒரு விரல் அளவு விலகியிருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேரல," என்றார் அத்தை, எனக்கு மட்டும் கேட்கும்படி. உதறினார். "மறுபடி."